செயலி எளிதாக இருக்கிறதா? நீலகிரியில் முதல்முறை சோதித்துப் பார்ப்பவர்களுக்கு

நீலகிரியில் யாருடைய வீட்டுக்காவது போய், புதிதாகச் செய்த செயலியைப் போனில் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்றுதான் பதில் வரும். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் சொல்லும் பதில் அது. அந்த மரியாதையை மதிக்க வேண்டும். ஆனால் செயலி எளிதாக இருக்கிறது என்பதற்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தன் வேலையை முடிக்கப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

அப்படிப் பார்ப்பதற்குப் பெயர் பயனர் சோதனை. அதை எப்படி நடத்துவது, அதற்குப் பிறகு குழுவாக உட்கார்ந்து எப்படிப் பேசுவது என்பதை, இதுவரை செய்யாதவர்களுக்காக எழுதுகிறேன். பெரிய நிறுவனமோ தனி ஆய்வுக்கூடமோ வேண்டாம். இரண்டு பேர், இரண்டு போன், ஒரு நோட்டு, சில நாட்கள் போதும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தனித்தனியாகச் சோதிப்பது முன்னால், கூடிப் பேசுவது பின்னால். இந்த வரிசை மாறினால் இரண்டுமே கெட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசுவோம். கோத்தகிரிப் பக்கம் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஒரு செயலி செய்கிறீர்கள். அவர்கள் பறித்த பசுந்தேயிலை தனியார் தொழிற்சாலைக்கோ இன்ட்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ போகிறது. எடை போடும் இடத்தில் கிலோ பதிவாகிறது. மழை நாளில் இலையில் இருக்கும் ஈரத்துக்குக் கொஞ்சம் எடை கழிக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை தேயிலை வாரியம் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. முன்பணம், உரக் கடன் எல்லாம் பிடித்தது போக மீதி கைக்கு வருகிறது. இத்தனையையும் விவசாயியே தன் போனில் பார்க்க வேண்டும், எடை தவறாக இருந்தால் அங்கேயே புகார் சொல்ல வேண்டும். அதுதான் செயலியின் வேலை.

எளிது என்று எதைச் சொல்கிறோம்

ஐஎஸ்ஓ 9241-11 என்று ஒரு பன்னாட்டுத் தரம் இருக்கிறது. 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. பயன்பாட்டு எளிமைக்கு அது மூன்று அளவுகோல்களைச் சொல்கிறது: நினைத்த வேலை முடிகிறதா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆகிறது, முடித்தவருக்கு மனநிறைவு இருக்கிறதா. இவை மூன்றையும் குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் என்று வைத்துத்தான் அளக்க முடியும் என்றும் அதே தரம் சொல்கிறது.

இந்தக் கடைசி விஷயம் மலையில் மிக முக்கியம். கோயம்புத்தூரில் ஏசி அறையில் எளிதாக இருந்த செயலி, எடை போடும் இடத்தில் தூறலில் நிற்கிறவருக்கு எளிதாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஈரம் பட்ட திரை தொடுவதைச் சரியாக உணராது. சாதாரணக் கம்பளிக் கையுறையோடு தொட்டால் வேலையே செய்யாது. பல வருடம் இலை பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும், விரல்ரேகைப் பூட்டு திறக்க மறுக்கும். பள்ளத்தில் இருக்கும் தோட்டத்தில் டவர் இருக்காது, ஓடிபி மேட்டுக்கு ஏறிய பிறகுதான் வந்து சேரும். இவை எல்லாம் சூழல். சோதனையில் இவை இல்லாவிட்டால் நீங்கள் வேறு ஏதோ ஒரு செயலியைச் சோதித்திருக்கிறீர்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

"செயலி நல்லா இருக்கா?" என்பதைச் சோதிக்க முடியாது. "புதிதாக வரும் விவசாயி யார் உதவியும் இல்லாமல் நேற்றைய எடையைக் கண்டுபிடிப்பாரா?" என்பதைச் சோதிக்கலாம். "ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு என்று அவருக்குப் புரிகிறதா?" என்பதையும் சோதிக்கலாம். இப்படி மூன்று, நான்கு கேள்விகள் போதும். பத்து எழுதினால் ஒன்றுக்கும் சரியான பதில் கிடைக்காது.

யாரை அழைப்பது

ஐந்து பேர் போதும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு குறையை ஒரு பயனர் சந்திக்கும் வாய்ப்பு அவர்கள் பார்த்த திட்டங்களில் சராசரியாக 31 சதவீதம். அப்படியானால் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டுமே எதிர்ப்படும் குறை என்றால், ஐந்து பேரில் அது தலைகாட்டும் வாய்ப்பு 41 சதவீதம்தான். 2003-இல் லாரா ஃபோக்னர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தபோது, ஐந்து பேர் கொண்ட சில குழுக்கள் கிட்டத்தட்ட எல்லாக் குறைகளையும் கண்டன, சில குழுக்கள் 55 சதவீதத்தோடு நின்றுவிட்டன.

ஆகவே நான் சொல்வது: ஒரே மாதிரி ஆட்களில் ஐந்து பேர், அதுவும் ஒரு சுற்றுக்கு. சிறு விவசாயிகள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. தினமும் வாட்ஸாப் பார்க்கும் முப்பது வயதுக்காரர் ஒரு வகை. பொத்தான் போனிலிருந்து போன வருடம்தான் மாறிய அறுபது வயதுக்காரர் இன்னொரு வகை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அம்மா, போன் மகனிடம் என்று இருக்கும் குடும்பம் மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகையை விட்டுவிடாதீர்கள். மலையில் நிறைய வீடுகளில் இலையைப் பறிப்பதும் எடைக்குக் கொண்டுபோவதும் பெண்கள். சிம் வேறொருவர் பெயரில், போன் வேறொருவர் பையில். "உங்கள் போனில் திறக்கவும்" என்று செயலி எதிர்பார்க்கும் இடத்திலேயே அவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

மொழியையும் பாருங்கள். படகர் வீடுகளில் பேசுவது படகு மொழி, எழுதுவது தமிழ். கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் மலையாளம் பேசும் விவசாயிகளும், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் அருகருகே இருப்பார்கள். சோதனையில் அவரவர் எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அதில்தான் பேச வேண்டும். குறிப்பெடுப்பவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குப் படகு மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை நண்பராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் கூலி கொடுங்கள்.

வருகிறவர்களுக்கும் சும்மா நன்றி சொல்லி அனுப்பக் கூடாது. ஒரு மணி நேரம் என்று நீங்கள் சொன்னாலும் அவருக்கு அரை நாள் பறிப்பு போகிறது. அரை நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள், பஸ் செலவு தனி. செயலியைப் பாராட்டினாலும் திட்டினாலும் பணம் ஒன்றுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், முடிந்தால் சோதனை தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.

நாளும் இடமும்

கூடலூர் பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்துக்கொள்ளும். கோத்தகிரி, குன்னூரில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை வலுக்கும், மண் சரிந்தால் சாலை அடைபடும். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தை பண்டிகை இருக்கும் நாட்களில் படகர் ஊர்களில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். இலை அதிகம் வரும் நாட்களில் காலையில் போகாதீர்கள். மற்றபடி நல்ல வெயில் நாளைத் தேடிப் பிடிக்க வேண்டாம். ஐந்தில் ஒன்றிரண்டு சோதனையாவது ஈரத்திலும் குளிரிலும், எடை போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும்.

செய்யச் சொல்லும் வேலைகள்

"‘என் கணக்கு’ பக்கத்தில் ‘மாத அறிக்கை’யை அழுத்துங்கள்" என்பது சோதனை ஆகாது, அது வழி சொல்வது. பட்டனில் இருக்கும் சொல்லை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அவர் வாழ்க்கையில் வரும் தேவையைச் சொல்லுங்கள்:

- "போன மாதம் உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும், அதில் முன்பணத்துக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்."
- "நேற்று நீங்கள் 42 கிலோ கொடுத்தீர்கள். இதில் 38 என்று இருக்கிறது. இப்போது என்ன செய்வீர்கள்?"
- "இந்த மாத விலை போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?"

இரண்டாவதைக் கவனியுங்கள். அதில் வேண்டுமென்றே ஒரு தவறு வைத்திருக்கிறோம். எல்லாம் சரியாக நடக்கும் வழியை மட்டும் சோதிப்பவர்கள் பலர். செயலியின் உண்மையான தரம் ஏதாவது தவறு நடக்கும்போதுதான் தெரியும்.

இதற்கெல்லாம் கற்பனைக் கணக்கு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அவருடைய உண்மையான கடன் தொகையைத் திரையில் திறந்து பக்கத்தில் உட்காராதீர்கள். சின்ன ஊர்களில் யாருக்கு எவ்வளவு கடன் என்பது வெளியே போகக் கூடாத செய்தி. குரலையோ திரையையோ பதிவு செய்வதாக இருந்தால் எதற்கு, யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் முதலில் வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்தாக வேண்டும்.

உட்கார்ந்து பார்க்கும் நேரம்

ஒருவர் பேச வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். மூன்றாவது ஆள் வேண்டாம். செயலியை எழுதிய புரோகிராமர் கட்டாயம் வர வேண்டும், ஆனால் அவர் எழுதுபவராக மட்டும் இருக்கட்டும். தான் செய்ததை ஒருவர் தேடித் தேடித் திணறுவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது கஷ்டம். அந்த அரை மணி நேரம் அவருக்கு எந்த அறிக்கையும் கற்றுத்தராததைக் கற்றுத்தரும்.

தொடங்கும்போது இப்படிச் சொல்லலாம்: "அக்கா, நாங்க இந்தச் செயலியைத்தான் சோதிக்கிறோம், உங்களை இல்லை. எங்கேயாவது நின்னுட்டா அது எங்க தப்பு. மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நாங்க பதில் சொல்லாம இருப்போம், கோபம்னு நினைச்சுக்காதீங்க. இதைச் செஞ்சது நாங்கதான், ஆனா குறை சொன்னா வருத்தப்பட மாட்டோம். அதுக்காகத்தான் வந்திருக்கோம்."

வாய்விட்டு யோசிப்பது பலருக்கும் பழக்கம் இல்லாதது. அதனால் சோதனைக்கு முன் வேறு ஏதாவது ஒன்றில் பழக்கிக் காட்டுங்கள். உங்கள் போனில் அலாரம் வைத்துக்கொண்டே, "மணி படம் தேடறேன், இங்க இல்ல, கீழ இருக்குமோ" என்று நீங்கள் பேசிக் காட்டினால் அவருக்குப் பிடிபட்டுவிடும்.

அப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உதவாமல் இருப்பது. அவர் நின்றுவிட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகு "இப்ப என்ன தேடறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். "இதை அழுத்தினா என்ன ஆகும்?" என்று அவர் கேட்டால், "என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தோன்றும், அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறோம். உண்மையிலேயே மனம் உடைகிற மாதிரி தெரிந்தால் அந்த வேலையை அங்கேயே நிறுத்தி, "இது எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்தது" என்று சொல்லி அடுத்ததற்குப் போங்கள். யாரும் தோற்றுப்போன உணர்வோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

மலை வீடுகளில் தனியாக உட்காருவது எளிதில்லை. மகன் எட்டிப் பார்ப்பான், "அம்மா, அங்க அழுத்து" என்பான். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நிற்பார். அவர்களை விரட்டாமல், குறிப்பெடுப்பவர் அவர்களோடு வெளியில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கலாம். அல்லது "உங்களுக்கும் ஒரு சோதனை இருக்கு, இவங்க முடிச்சதும்" என்று சொல்லலாம். பேரன்தான் எப்போதும் போனைத் திறந்து கொடுப்பான் என்று இருக்கும் வீட்டில், அதையும் ஒரு பயன்பாட்டு முறையாக மதித்து, இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு சோதனை நடத்துங்கள். யார் படிக்கிறார், யார் முடிவெடுக்கிறார் என்பது அங்கே அருமையாகத் தெரியும்.

நோட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அவர் என்ன செய்தார், என்ன சொன்னார், நான் என்ன நினைக்கிறேன். மூன்றாவதை முதல் இரண்டோடு கலந்துவிடாதீர்கள். "குழம்பினார்" என்பது உங்கள் நினைப்பு. "பின்னால் போகும் அம்புக்குறியை மூன்று முறை அழுத்தினார்" என்பது நடந்தது.

அன்று இரவே உட்காருங்கள்

இரண்டு நாள் கழித்து நோட்டைத் திறந்தால் பாதி புரியாது. அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு குறையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எத்தனை பேருக்கு நடந்தது, எவ்வளவு கெடுதி என்று பிரியுங்கள். நீல்சன் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று வைத்திருக்கிறார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எளிமையாக மூன்று வகை போதும்: வேலை நின்றுபோனது, தடுமாறி முடித்தது, எரிச்சல் மட்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்றைத் தனியாக வையுங்கள். வேலை முடிந்துவிட்டது என்று அவர் நம்புகிறார், உண்மையில் முடியவில்லை. எடைப் புகாரை எழுதி அனுப்பினார், டவர் இல்லாததால் போகவில்லை, திரையும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நிம்மதியாகப் போனைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். மாதக் கடைசியில் பணம் குறைந்து வரும்போதுதான் தெரியும், அதற்குள் யாரிடம் கேட்பது என்ற வழியும் அடைபட்டிருக்கும். நின்றுபோனவராவது யாரிடமாவது கேட்பார். இவர் கேட்கவும் மாட்டார். இந்த வகைக் குறை ஒருவருக்கு மட்டும் நடந்திருந்தாலும் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இப்போது கூடிப் பேசலாம்

குழுக் கலந்துரையாடல் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதில் தெளிவு வேண்டும். 1940-களில் ராபர்ட் மெர்டன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் வானொலி நிகழ்ச்சி கேட்டவர்களைக் குழுவாக உட்காரவைத்து, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று விசாரித்த வேலையிலிருந்து வளர்ந்த முறை இது. மக்கள் என்ன உணர்கிறார்கள், எதை முக்கியம் என்று நினைக்கிறார்கள், செயலிக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை அது அழகாகக் கொண்டுவரும். ஒருவரால் செயலியைப் பயன்படுத்த முடிகிறதா என்பதை அது சொல்லவே சொல்லாது. தனியாக உட்கார்ந்தபோது பத்து நிமிடம் தேடியவர், பத்துப் பேர் நடுவில் "ஈசியாத்தான் இருந்துச்சு" என்பார்.

முதலிலேயே கூடிப் பேசினால் என்ன கெடுகிறது? உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட ஆய்வில், எந்தக் கோடு நீளம் என்ற கண்ணுக்குத் தெரிந்த விஷயத்தில்கூட, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தவறாகச் சொன்னபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அந்தத் தவறோடு ஒத்துப்போயின. ஊர்க் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் "நல்ல செயலி" என்று சொன்ன பிறகு, இளையவர்களும் பெண்களும் வேறு சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதோடு, மற்றவர் சொன்ன குறைகளைக் கேட்டவர் அடுத்த நாள் சோதனைக்கு வந்தால் அந்த இடங்களைத் தேடிப் பார்ப்பார். அவருடைய இயல்பான தடுமாற்றம் உங்களுக்குக் கிடைக்காது.

சோதனை முடிந்தவர்களில் ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், எல்லோரும் வட்டமாக. பெண்கள் தனிக் குழுவாக ஒருமுறை பேசட்டும். இலை வாங்கும் ஏஜென்டும் விவசாயியும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது, எடையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு மௌன நேரம் வையுங்கள். ஆண்ட்ரே டெல்பெக்கும் ஆண்ட்ரூ வான் டி வென்னும் 1971-இல் எழுதிய முறை இது: ஒவ்வொருவரும் தனியாக எழுதுவார்கள், பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிச் சொல்வார்கள், கடைசியில் தனித்தனியாக வாக்களிப்பார்கள். எழுத விரும்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகச் செயலியின் பக்கங்களைப் பெரிதாக அச்சடித்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு மூடிய டப்பா வையுங்கள். ஆளுக்கு மூன்று பீன்ஸ் விதை. "எந்த இடத்தில் உங்களுக்குச் சிரமம் அதிகம்?" என்று கேட்டு, ஒவ்வொருவராகப் போய்ப் போட்டு வரட்டும். டப்பாவைத் திறந்த பிறகுதான் பேச்சு. அப்போது பெரியவருடைய மூன்று விதைக்கும் மருமகளுடைய மூன்று விதைக்கும் எடை ஒன்றுதான்.

பேசும்போது ஆமாம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேளுங்கள்: "இந்தப் பக்கத்தில் ஏன் இத்தனை விதை?", "இப்போது இந்தக் கணக்கை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?" இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் தங்கம் கிடைக்கும். யாராவது காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் கிலோ எழுதி வைப்பதைச் சொல்வார். உங்கள் செயலியின் முதல் பக்கம் அந்தக் காலண்டர் மாதிரி இருக்கலாமே என்ற யோசனை அங்கிருந்துதான் வரும். "இந்த வசதி சேர்த்தால் பயன்படுத்துவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள்.

சோதனையில் கண்டதும் பேச்சில் கேட்டதும் முரண்பட்டால், முடிந்ததா இல்லையா என்பதற்குச் சோதனையை நம்புங்கள். எதை முதலில் மாற்றுவது, ஏன் என்பதற்குப் பேச்சை நம்புங்கள்.

மாற்றிவிட்டு மறுபடியும்

முதல் சுற்றில் கண்டவற்றில் மேலே உள்ள நான்கைந்தை மாத்திரம் திருத்தி, வகைக்குப் புதிய ஐந்து பேரோடு இரண்டாவது சுற்றுக்குப் போங்கள். ஒரே வகையில் பதினைந்து பேரை ஒரே சுற்றில் பார்ப்பதைவிட, ஐந்து ஐந்தாக மூன்று சுற்று, நடுநடுவே திருத்தம் என்பது எவ்வளவோ மேல்.

எண்ணாக ஏதாவது வேண்டும் என்று பணம் தருபவர்கள் கேட்பார்கள். அதற்கு ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற பத்து வாக்கிய அளவுகோலைப் பயன்படுத்தலாம்; செயலி எளிதாக இருந்ததா என்று பயன்படுத்தியவரிடமே கேட்பது அது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை பதில். ஒற்றைப்படை வாக்கியங்களில் பதிலிலிருந்து 1 கழிக்கவும், இரட்டைப்படையில் 5-இலிருந்து பதிலைக் கழிக்கவும், கூட்டி 2.5 ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். அது சதவீதம் இல்லை. பொதுவான சராசரி 68 என்று வைத்துக்கொள்கிறார்கள். பாதி வாக்கியங்கள் எதிர்மறையாக இருப்பதால், மெதுவாக வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று பார்த்துப் பதில் வாங்குங்கள். ஐந்து பேரின் சராசரியை அறிக்கையில் பெரிதாகப் போட வேண்டாம். முந்தைய சுற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் ஐந்து பேரும் உதவி இல்லாமல் எடையைப் பார்த்து, தவறான எடைக்குப் புகார் அனுப்பி, அது போனதா போகவில்லையா என்று சரியாகச் சொல்லிவிட்டால் செயலியை வெளியிடலாம். வெளியிட்ட பிறகு முதல் மாதக் கணக்குப் பணம் வரும் நாளில், உங்களில் ஒருவர் எடை போடும் இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நோட்டோடு இருங்கள். கற்பனைக் கணக்கில் தடுமாறாதவர்கள் சொந்தப் பணத்தைப் பார்க்கும்போது எங்கே நிற்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்க்க முடியும்.